முத்திரை வைத்த மாதிரித் துண்டு

அர்ஜுனனுக்குக் கோபம் வந்தால் கையை ஓங்க மாட்டார், மனு எழுதுவார். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லையா, ஒரு மனு. சாக்கடை அடைத்துக்கொண்டதா, ஒரு மனு. ரேஷன் கடையில் புழுத்த அரிசி போட்டால் அதற்கு ரெண்டு மனு. எங்கள் தெருவில் அவருக்கு மனு அர்ஜுனன் என்றே பெயர். அவர் மனைவி அலமுகூட, "இந்தாளு பெருமாள் கோயிலுக்குப் போனாலும் மனு எழுதிக்கினுதான் போவாரு" என்று சொல்லிச் சிரிப்பாள். தெரு முனையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த எனக்கும் அவரைச் சீண்டிப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

காஞ்சிபுரம் என்றாலே பட்டு என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பட்டு நெய்ய முதலாளியிடம் பாவு நூல் கிடைக்காதவர்களும் இங்கே நிறைய உண்டு. கை தேறாதவர்கள், கை தேறியும் முதலாளியோடு மல்லுக்கு நின்றவர்கள், கண் மங்கியவர்கள் என்று ஒரு கூட்டமே பருத்தி நூலில் துண்டும் விரிப்பும் நெய்து வயிறு கழுவியது. பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் சேர்ந்து ஒரு சின்னச் சங்கம் வைத்திருந்தார்கள். அர்ஜுனன்தான் தலைவர். தலைவர் என்றால் நாற்காலி எல்லாம் கிடையாது. அவரும் தறிக்குழிக்குள் காலை விட்டு நூல்தறிதான் நெய்தார்.

ஆட்சி மாறி, எல்லோருக்கும் கொஞ்சம் நம்பிக்கை இருந்த காலம் அது. சங்கத்து ஆள் ஒருவர் வயிற்று வலியோடு ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பார்க்கப் போன அர்ஜுனன் நோயாளியைப் பார்த்ததைவிட அவர் படுத்திருந்த விரிப்பைப் பார்த்ததுதான் அதிகம். விரல் நுழைந்தது. ஒரு முறை துவைத்ததிலேயே வலை விட்டிருந்தது. அது பவர்லூம் துணி என்று தொட்டவுடன் தெரிந்துவிட்டது. வார்டு ஆளிடம் விசாரித்தால், "இது காஞ்சிபுரம் கைத்தறிச் சங்கத்துத் துணிதானே" என்றானாம். அர்ஜுனனுக்கு முகம் சிவந்துவிட்டது.

அந்தத் துணியை சப்ளை செய்தவர் சின்ன காஞ்சிபுரத்துக் காண்ட்ராக்டர் ராஜகோபால். அவரிடம் தறி ஒன்றுகூடக் கிடையாது. ஒரு பெயர்ப்பலகை மாட்டி, அதற்குச் சங்கம் என்று பெயர் வைத்து, டெண்டர் போடுவார். மற்ற காண்ட்ராக்டர்கள் எல்லோரும் ஒரு ஓட்டலில் அவரோடு உட்கார்ந்து நெய்த்தோசை சாப்பிட்டுக்கொண்டே இந்த வருஷம் யாருக்கு, அடுத்த வருஷம் யாருக்கு என்று பேசி முடித்துவிடுவார்கள். ராஜகோபால் ஆபீசில் நல்ல துணி ஒன்றைக் காட்டுவார், ஆஸ்பத்திரிக்கு வேறொன்றை அனுப்புவார். கேட்பார் இல்லை.

அர்ஜுனன் கேட்டார். மனுவுக்கு மேல் மனு. ஏஜெண்டு இல்லாமல் உண்மையான நெசவாளர் சங்கங்களே டெண்டர் போட வழி செய்ய வேண்டும். டெண்டர் கவரை எல்லோர் முன்னாலும் பிரிக்க வேண்டும். குறைந்த விலை சொன்னவனுக்கே தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜெயித்தவன் கொடுக்கும் மாதிரித் துண்டை அரக்கு முத்திரை வைத்து ஆபீசிலேயே பூட்டி வைக்க வேண்டும், வருகிற ஒவ்வொரு துணிப் பேலையும் அதோடு ஒப்பிட வேண்டும், ஓர் இழை குறைந்தாலும் மொத்தத்தையும் தள்ளி டிபாசிட்டைப் பறிக்க வேண்டும். இந்தக் கடைசி வாசகத்தை எனக்குப் படித்துக் காட்டியபோது அவர் தொடையைத் தட்டிக்கொண்டார். கோட்டைக்கு நடையாய் நடந்தார். "உனுக்கு எதுக்குபா இந்த வேலை?" என்று நான் கேட்டபோது, "நம்ம ஊர் பேர வெச்சு நோயாளிய ஏமாத்துறான். பார்த்துக்கினு சும்மா இருக்கச் சொல்றியா?" என்றார்.

நம்பினால் நம்புங்கள், விதி மாறியது. அவர் எழுதியது அப்படியே இல்லாவிட்டாலும் முக்கால்வாசி வந்துவிட்டது. கொள்முதல் செய்கிற ஆபீசுக்குப் புதிதாக ஓர் அதிகாரியும் வந்தார். இளைஞர், கறாரானவர், காபி வாங்கிக் கொடுத்தால்கூடக் குடிக்க மாட்டார். அர்ஜுனன் சங்கம் முதன்முதலாக டெண்டர் போடத் துணிந்தது.

அதற்கு ஒரு மாதிரித் துண்டு வேண்டும். அர்ஜுனனின் தங்கை லோகாம்பாளைக் கட்டியிருந்தவர் பழனி. எங்கள் பக்கத்தில் பட்டுக்கு அவரை மிஞ்சிய கை கிடையாது. அதிகம் பேசத் தெரியாத மனுஷர், ஆனால் தறியில் உட்கார்ந்தால் பலகை அடிக்கிற சத்தத்திலேயே அது பழனி என்று தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும். சங்கத்தில் அவர் ஆள் இல்லை, மச்சான் கேட்டாரே என்று நெய்து கொடுத்தார். வெறும் வெள்ளை விரிப்பு. அதை விரித்துக் காட்டியபோது நூல்தறிக்காரர்கள் எல்லோரும் சுற்றி நின்று தடவித் தடவிப் பார்த்தார்கள். அவ்வளவு நெருக்கம், அவ்வளவு ஒழுங்கு.

"இன்னா மாப்ள, ஆஸ்பத்திரிக்கு நெய்யச் சொன்னா கல்யாணத்துக்கு நெய்ஞ்சுக்கினு வந்திருக்க!" என்றார் அர்ஜுனன். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"கை அப்டித்தான் மச்சான் போவுது. லேசா அடிக்க வரல" என்றார் பழனி.

அந்த இடத்தில் ஒருவருக்காவது புத்தி வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஏனென்றால் எங்கள் ஊரில் மாதிரி காட்டுவது என்றால் கையைக் காட்டுவது. முதலாளி கேட்டால் நெசவாளி தன்னால் ஆன மட்டும் நெய்து காட்டுவான். அதைப் பார்த்து இவன் யார், எப்படிப்பட்டவன் என்று முதலாளி தெரிந்துகொள்வார். அப்புறம் நெய்கிற ஒவ்வொரு புடவைக்கும் அதனதன் நெசவைப் பார்த்துக் கூலி. கொஞ்சம் தளர்ந்திருந்தால் கூலி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான், புடவையைத் தூக்கித் தெருவில் எறிய மாட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அப்படியே பழகியவர்கள், சர்க்காருக்கும் மாதிரி என்றால் அதுதான் என்று எண்ணிக்கொண்டார்கள். விலையைச் சாதாரண விரிப்புக்குக் கணக்குப் போட்டு எழுதினார்கள். மாதிரியாக மட்டும் பழனி கை நெய்ததைக் கொடுத்தார்கள். அர்ஜுனன் அதன் ஓரத்தில் கையெழுத்துப் போட, ஆபீசில் அரக்கை உருக்கி முத்திரை வைத்தார்கள்.

டெண்டர் கிடைத்தது. ராஜகோபால் தோற்றுப்போய் வெளியே வந்தபோது எங்கள் ஆட்கள் விசில் அடித்தார்கள். சங்கத்தின் பங்குத்தொகை முழுவதும் டிபாசிட்டாகப் போயிற்று, நூல் கடனுக்கு வந்தது. அந்த மழைக்காலம் முழுக்கப் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் ஓயவில்லை. பெண்கள் நூல் கண்டு சுற்றினார்கள், கிழவர்கள் பாவுக்குக் கஞ்சி தோய்த்தார்கள். பணம் வந்தால் பொங்கலுக்கு இது வாங்கலாம், அது வாங்கலாம் என்று தெருவே பேசிக்கொண்டிருந்தது. கையில் கூலி வாங்காமல், சரக்கு பாஸானதும் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று நெய்தார்கள்.

பேல்கள் போய்ச் சேர்ந்தன. அதிகாரி முத்திரையை உடைத்து மாதிரியை மேஜையில் விரித்தார், பக்கத்தில் ஒரு விரிப்பை விரித்தார். பூதக்கண்ணாடி வைத்து இழை எண்ணக்கூட வேண்டியிருக்கவில்லை. வெறும் கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தது. மொத்தமும் தள்ளுபடி என்றார்.

"சார், நாங்க குடுத்தது மோசமான துணி இல்ல சார். முன்ன வந்துக்கினு இருந்ததுக்கு இது எவ்ளோ மேலு! நீங்களே தொட்டுப் பாருங்க" என்றார் அர்ஜுனன்.

"நல்ல துணியா, கெட்ட துணியாங்கிறது என் வேலை இல்லை. மாதிரிக்கு ஒத்திருக்கான்னு பார்க்கிறதுதான் என் வேலை. இந்த விதி வேணும்னு மனு போட்டவர் நீங்க. ஃபைல்ல படிச்சேன். நல்ல விதி" என்றார் அதிகாரி. கேலியாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். அது இன்னும் வலித்தது.

மறுபடி ஒரு முறை பார்க்க வேண்டும் என்று அர்ஜுனன் அப்பீல் செய்தார். பொங்கலுக்கு அப்புறம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அதுவரை மாதிரியை மறுபடி முத்திரை வைத்து உள்ளே பூட்டினார்கள். பொங்கல் வந்தது, போயிற்று. எங்கள் தெருவில் பல வீடுகளில் அன்றைக்குக் கூழ்தான். நூல் கொடுத்தவன் வாசலில் வந்து உட்கார்ந்தான். யாரும் அர்ஜுனனைத் திட்டவில்லை, அவர் மேல் அவ்வளவு மரியாதை. யாரையாவது திட்டியாக வேண்டுமே, பழனியைத் திட்டினார்கள். குழாயடியில் லோகாம்பாள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தள்ளி நின்றார்கள். சங்கத்து அன்னம்மாள் ஒருநாள் அவளிடம் கேட்டேவிட்டாள்: "உன் வூட்டுக்காரரு கைவேலையைக் காட்டிட்டாரும்மா. எங்க புள்ளைங்க வவுத்தைக் காட்டிக்கினு நிக்குதுங்க."

லோகாம்பாள் வீட்டுக்கு வந்து அழுதாள்.  பழனி அன்றைக்குத் தறியில் உட்காரவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ராஜகோபால் வந்தார். வெள்ளை வேட்டி, வாயில் வெற்றிலை. அர்ஜுனன் வீட்டு வாசலில் நானும் பழனியும் இருந்தோம்.

"இன்னா அர்ஜுனா, எதுக்குபா இந்த வீம்பு? அங்க ஒரு பியூன் இருக்குறான், நம்ம ஆளு. உங்க பேல்லேர்ந்தே ஒரு துண்டைக் கிழிச்சுக் குடு. உள்ள இருக்கிற மாதிரிய எடுத்துட்டு இத வெச்சுடுவான். முத்திரை எல்லாம் அவன் பாத்துப்பான். உன் ஜனங்க சோறு துன்னும். அடுத்த வருசம் டெண்டர்ல நீ ஒதுங்கிக்கோ, போதும்."

அர்ஜுனன் எழுந்து நின்றார்.  "எந்தத் திருட்டுத்தனத்த ஒழிக்கணும்னு நான் செருப்புத் தேய நடந்தேனோ, அதையே என்னைச் செய்யச் சொல்றியா? எறங்குடா கீழ" என்றார். ராஜகோபால் சிரித்துக்கொண்டே போய்விட்டார். பழனி அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் கவனித்தேன், ஆனால் மனுஷன் மனசில் என்ன ஓடுகிறது என்று யார் கண்டது.

மறு பரிசோதனை நாள் வந்தது. சங்கத்து ஆட்கள் எல்லோரும் ஆபீஸ் வராந்தாவில் நின்றோம். பழனியும் வந்திருந்தார். அதிகாரி முத்திரையைப் பார்த்தார், உடைத்தார், விரித்தார். பேலிலிருந்து ஒரு விரிப்பை உருவிப் பக்கத்தில் போட்டார். கண்ணாடியை வைத்து இரண்டையும் எண்ணினார். நிமிர்ந்தபோது அவர் முகமே மாறியிருந்தது.

"சரியா இருக்கே! முதல் தடவை வெளிச்சம் சரியில்லையோ என்னவோ. எனக்கே சங்கடமா இருக்கு, மன்னிச்சுக்குங்க" என்றார். மாதிரியை அர்ஜுனன் பக்கம் தள்ளி, ஒரு காகிதத்தையும் வைத்தார். "இது உங்க சங்கம் குடுத்த மாதிரிதான்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. பேல் எல்லாம் இன்னிக்கே பாஸ்."

வராந்தாவில் அன்னம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். யாரோ ஒருவர் விசும்பினார். பேனா அர்ஜுனன் கையில் இருந்தது. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். நான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பேன். நீங்களும் போட்டிருப்பீர்கள், மறுக்காதீர்கள்.

அர்ஜுனன் துணியைத் தொட்டார். தொட்ட கையை நெருப்பில் பட்டவர்போல் எடுத்தார். ஓரத்தில் அவர் கையெழுத்தும் இருந்தது, யாரோ பார்த்து எழுதியது.

"இது எங்க மாதிரி இல்ல சார்" என்றார்.

அதிகாரிக்குப் புரியவில்லை. அர்ஜுனனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "மாத்திட்டானுங்க சார்! அந்த ராஜகோபால் வேலை இது. என்னை மாட்ட வெச்சு, நாளைக்கு அவனே மொட்டக் கடுதாசி போடுவான். உங்க பியூன்தான் கூட்டு. புடிச்சுக் கேளுங்க சார், புடிச்சுக் கேளுங்க!"

பியூனைப் பிடித்தார்கள். வயசான ஆள். அதிகாரி போலீசைக் கூப்பிடச் சொன்னதும் அவன் மேஜைக் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். யார் கொடுத்தது, யார் கொடுத்தது என்று கேட்டு ஓர் ஆபீஸ் ஆள் அவன் கன்னத்தில் அறைந்தான். இரண்டாவது அறை விழுவதற்குள் பழனி வராந்தாவிலிருந்து உள்ளே வந்துவிட்டார்.

"அவர அடிக்காதீங்க. நான்தான் குடுத்தேன்" என்றார். பிறகு அர்ஜுனனைப் பார்த்து, "ராஜகோபால் இல்ல மச்சான். நான்தான். என் கையால கெட்டுது, என் கையாலயே சரி பண்ணிடலாம்னு பார்த்தேன்" என்றார்.

  சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியுமானால் அந்த நிமிஷம் அர்ஜுனன் தன் நாக்கையே அறுத்துக் கொடுத்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வழக்கு நடந்தது. கோர்ட்டில் சாட்சி சொல்ல அர்ஜுனனைத்தான் கூப்பிட்டார்கள், அந்தத் துணி மாறியது என்று அடையாளம் சொல்லக்கூடியவர், மாதிரியில் கையெழுத்துப் போட்ட அவர் ஒருவர்தான். அவர் உள்ளதைச் சொன்னார். பழனிக்கு ஆறு மாதம். பியூனுக்கு வேலை போயிற்று. ராஜகோபாலை யாரும் கூப்பிடவில்லை, அவர் ஒன்றும் செய்யவில்லையே. டிபாசிட் பறிபோனது, பேல்கள் திரும்பி வந்து சந்தையில் வந்த விலைக்குப் போயின, சங்கம் கலைந்தது. சிலர் பெங்களூர் பக்கம் போனார்கள். அன்னம்மாள் கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவப் போனாள்.

அடுத்த வருஷ டெண்டரில் ராஜகோபால் ஜெயித்தார். அவர் கெட்டிக்காரர், விதியை எங்களைவிட நன்றாகப் படித்திருந்தார். கொசுவலைக்குக் கொஞ்சம் மேலாக ஒரு துணியை மாதிரியாகக் கொடுத்தார். விலையும் அதற்குத் தக்கபடி குறைவு. பேல்கள் வந்தபோது அதே கறாரான அதிகாரி கண்ணாடி வைத்து எண்ணினார். மாதிரிக்கு ஓர் இழைகூடக் குறையவில்லை. பாஸ் செய்தார். நோயாளிகள் அதில்தான் படுத்தார்கள்.

பழனி திரும்பி வந்தார். உடம்பு பாதியாகியிருந்தது, கை அப்படியேதான் இருந்தது. ஆனால் பட்டு நெசவு வெறும் கையால் மட்டும் நடக்கிற வேலை இல்லை. முதலாளி பட்டு நூலையும் ஜரிகையையும் நெசவாளி வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறார். எடை போட்டுக் கொடுப்பார்தான், இருந்தாலும் ஜரிகையில் வெள்ளி இருக்கிறது, மாற்றுகிறவனுக்கு வழியா இல்லை? ஆளை நம்பித்தான் எல்லாம். துணி மாற்றி ஜெயிலுக்குப் போன ஆளை எவன் நம்புவான்? பழனி ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார். ஒருவரும் பாவு கொடுக்கவில்லை. லாரி ஷெட்டில் மூட்டை தூக்கப் போனார்.

லோகாம்பாள் அண்ணனோடு பேசி வெகு நாளாகியிருந்தது. ஒருநாள் அவளே அர்ஜுனன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"ண்ணா, நீ போய்ச் சொன்னா கேப்பாங்க. உன் வார்த்தைக்கு இந்த ஊர்ல மதிப்பு இருக்குது. அவரு திருடன் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லு, அது போதும்" என்றாள்.

அர்ஜுனன் அன்றைக்கே கிளம்பிவிட்டார். பழனியையும் கூட்டிக்கொண்டார், என்னையும் வரச் சொன்னார். போன இடமெல்லாம் தலையாட்டி அனுப்பினார்கள். கடைசியாக மொய்னுதீன் சாயபு கடைக்குப் போனோம். ஜரிகையும் பட்டும் கொடுத்து ஆட்களை வைத்து நெய்ய வைக்கிறவர். பழனி ஒருகாலத்தில் அவருக்குத்தான் நெய்தார். நல்ல மனுஷர், முன்பெல்லாம் ரம்ஜானுக்கு ரம்ஜான் பழனி வீட்டுக்குத் தூக்குப் பாத்திரத்தில் பாயசம் வரும். பழனி உள்ளே ஏறாமல் படிக்குக் கீழேயே நின்றுகொண்டார்.

"பாய், நான் சத்தியமா சொல்றேன். ஊர் சோத்துக்காகச் செஞ்சாரு, தனக்குன்னு ஒரு இழை எடுக்கல. அவரு திருடன் இல்ல. நீங்க என்னை நம்பணும்" என்றார் அர்ஜுனன். அவர் கெஞ்சி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

 மொய்னுதீன் அர்ஜுனன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அர்ஜுனா, உன்ன நம்பறேன்பா. நீ பொய் சொல்ற ஆளு இல்ல, அது இந்தத் தெருவுக்கே தெரியும். இந்த ஆளு நல்லவன்னு நீ சொல்றே, நம்பறேன். அன்னிக்குக் கோர்ட்ல ஏறி, துணிய மாத்தினாங்கன்னு சொன்னதும் நீதானேப்பா. அதையும் நம்பினேன். வேற எவனாவது சொல்லியிருந்தா, போடா பொய்க்காரான்னு தொடச்சிப் போட்டுட்டு நாளைக்கே பழனிய தறியில உக்கார வெச்சிருப்பேன். நீ சொல்லிட்டியே. நான் என்ன செய்வேன்?"

 படியிறங்கும்போது அர்ஜுனனுக்குக் கால் தடுமாறியது. கீழே நின்ற பழனிதான் தோளில் கைகொடுத்துத் தாங்கினார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"வுடு மச்சான். நீ இன்னா பண்ணுவ?" என்றார். துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார். மத்தியான லோடு வருகிற நேரமாகிவிட்டது என்று லாரி ஷெட் பக்கம் நடந்தார்.

லோகாம்பாள் வாசலில் காத்திருப்பாள், அவளிடம் யார் போய்ச் சொல்வது என்று அர்ஜுனன் என்னைக் கேட்டார். நான் போகிறேன் என்றேன். வேண்டாம், நானே சொல்கிறேன் என்று அவரே போனார்.